வெர்னா டர்போவா, விர்டஸ் ஜிடியா: மோதினால் எது காக்கும்?

கொள்ளிடக்கரை:
மாதம் இருமுறை சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய் வருகிறேன். பின் இருக்கையில் அம்மாவும் ஆறு வயது மகளும். வேகத்தைக் கைவிடவும் மனமில்லை; எனவே 160 பிஎஸ் (குதிரைத்திறன்) ஹூண்டாய் வெர்னா டர்போ, 150 பிஎஸ் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி என்று இரண்டு காரில் வந்து நிற்கிறேன். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. வெர்னாவின் உயர் ரகங்களில் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியும் உண்டு. அப்படியானால் வெர்னாதானே மேல்?

பட்டறைக்காரன்:
தம்பி, இருபத்திரண்டு வருடமாக டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். நட்சத்திரத்தை விடுங்கள், அதே சோதனை அறிக்கையில் வண்டியின் கூட்டை, அதாவது ஆட்கள் உட்காரும் பகுதியைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விர்டஸின் கூடு நிலையானது. வெர்னாவின் கூடும் கால் வைக்கும் பகுதியும் நிலையற்றவை. பெரியவர்களுக்கான மதிப்பெண் 34-க்கு விர்டஸுக்கு 29.71, வெர்னாவுக்கு 28.18 என்று நெருங்கித்தான் இருக்கிறது. ஆனால் முன்மோதல் சோதனை நடப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். நீங்கள் 100-இல் போவீர்கள். மோதலின் ஆற்றல் அப்போது ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய வண்டி பட்டறைக்கு வந்தால் முதலில் கதவைத்தான் இழுத்துப் பார்ப்பேன். கையால் திறந்தால் நிம்மதி. முன்பக்கம் நொறுங்கத்தான் வேண்டும், அடி அங்கேயே அடங்கும். கதவுத் தூண் மடியக் கூடாது. தூண் மடிந்த வண்டிகளை வெட்டித் திறந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், விர்டஸ் எடுங்கள்.

செங்கை மீனா:
அண்ணா சொல்வது சரி. ஆனாலும் என் வெர்னாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விக்கிரவாண்டி தாண்டி முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. என் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் வண்டியே பிடித்துவிட்டது. மோதாமல் தப்பியதும் பாதுகாப்புதானே? குழந்தைகளுக்கான மதிப்பெண் இரண்டுக்கும் 49-க்கு 42. எதை வாங்கினாலும் மகளுக்கு உயரம் கூட்டும் இருக்கை வாங்கிவிடுங்கள். அவள் உயரத்துக்குப் பெல்ட் கழுத்தில் விழும்.

கொள்ளிடக்கரை:
நன்றி. அறிக்கையைத் திறந்து படித்தேன், விர்டஸ்தான். ஆனால் அம்மா பின்னால் பெல்ட் போட மறுக்கிறார்.

பட்டறைக்காரன்:
அதற்கு விடாதீர்கள். பெல்ட் இல்லாமல் பின்னால் இருப்பவர் மோதலில் உங்கள் இருக்கை மீதே பாய்ந்து விழுவார். அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. இன்னொன்று: பக்கவாட்டு ஏர்பேக் முன் இருக்கையின் ஓரத்திலிருந்துதான் வெடித்து வரும். கடையில் இருக்கை முழுவதையும் மூடும் உறை போட்டுவிடாதீர்கள்.