கீயைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுவது: சார்ட்பை போதுமா, எங்கும் சார்ட்ஆன்தானா?

கணக்குப்புலி:
பத்து லட்சம் லாக் வரிகளை நேரவாரியாக அடுக்க வேண்டும். ஹேஸ்கல் மொழியில், ஒப்பிடும் விதியை நாமே கொடுக்கும் சார்ட்பை (sortBy) போட்டு, அதற்குள் கம்பேரிங் நேரம் (comparing) என்று எழுதினேன்; அதாவது, நேரம் என்ற ஃபங்க்ஷன் தரும் மதிப்பைக் கீயாக வைத்து ஒப்பிடு. வரியின் தொடக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்ஸ் செய்து (எழுத்துகளைப் படித்துப் பிரித்து) எண்ணாக்கித் தருவதுதான் அந்த நேரம் ஃபங்க்ஷன். எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் பார்த்தால் ஓடும் நேரத்தை முக்கால்வாசி பார்ஸரே தின்கிறது. வேறு சார்ட் அல்காரிதம் தேட வேண்டுமா?

வால்சுழல்:
அல்காரிதத்தின் மேல் பழி போடாதீர்கள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டு பக்கமும் பார்ஸ் ஆகிறது. பத்து லட்சம் உறுப்புகள் தாறுமாறாகக் கிடந்தால், எந்த ஒப்பீட்டு சார்ட்டுக்கும் சராசரியாகக் குறைந்தது சுமார் 1.85 கோடி ஒப்பீடுகள் ஆகும். அதாவது 3.7 கோடி முறை பார்ஸர். உங்களுக்குத் தேவையோ பத்து லட்சம் முறைதான். சார்ட்ஆன் (sortOn) கீயை ஒரே முறை கணக்கிட்டு உறுப்போடு ஜோடி சேர்க்கும், அடுக்கும், பிறகு கீயை உதறிவிடும். 1994இல் ராண்டல் ஷ்வார்ட்ஸ் பெர்லில் எழுதிக் காட்டிய அதே உத்தி. என் கோட் ரிவ்யூவில் கம்பேரிங் கண்ணில் பட்டாலே சார்ட்ஆன் ஆக்கச் சொல்வேன்.

சோம்பேறி:
பட்டாலேவா? ஜோடியின் முதல் உறுப்புதான் கீ என்றால் அதை எடுக்க என்ன செலவு? ஒரு பாயிண்டரைப் பின்தொடர்வது, அவ்வளவுதான். அதற்குப் போய் பத்து லட்சம் புது ட்யூப்பிள்களை (கீ-உறுப்பு ஜோடிகளை) நினைவகத்தில் ஹீப்பில் கட்டி, குப்பை சேகரிப்பானுக்கும் வேலை வைப்பீர்கள். இந்த மாதிரி கீக்குச் சார்ட்பைதான் சரி.

இன்னொன்று. பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேஸ்கலின் சாதாரண ஸ்ட்ரிங் ஒரு லேசி லிஸ்ட், அதாவது தேவைப்படும்போதுதான் ஒவ்வொரு எழுத்தும் கணக்கிடப்படும். இரண்டு பெயர்கள் மூன்றாம் எழுத்திலேயே வேறுபட்டால், நான்காம் எழுத்தைச் சிறியதாக்கும் வேலை நடக்கவே நடக்காது. சார்ட்ஆன் போட்டால் பாதி மாற்றிய அந்த நகல்களெல்லாம் சார்ட் முடியும்வரை நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும்.

வால்சுழல்:
உண்மையான வேலைக்கு யார் ஐயா ஸ்ட்ரிங் வைத்திருக்கிறார்கள்? எழுத்துகளை ஒரே தொகுதியாக வைக்கும் டெக்ஸ்ட் வகை என்றால் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் முழு நகல் இரண்டு உருவாகும். அங்கே உங்கள் சோம்பல் கைகொடுக்காது.

ஒட்டகக்காரன்:
ஓகேமல் மொழிப் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. எங்களுக்கு வேறு வலி. வகை தெரியாத இடத்தில் பொதுவான கம்பேர் ஃபங்க்ஷனைக் கொடுத்தால், ஒவ்வொரு ஒப்பீடும் சி மொழியில் எழுதிய ரன்டைம் ரொட்டீனுக்குள் போய், மதிப்பின் அமைப்பைத் தோண்டிப் பார்த்துவிட்டு வரும். முழு எண்ணுக்குக் கூட அப்படித்தான். இன்ட் மாட்யூலின் கம்பேரைக் கொடுத்தால் அந்தச் சுற்று இல்லை.

இதைத் தவிர்க்கிறேன் என்று சிலர் ஒப்பீட்டுக்கு a-யிலிருந்து b-யைக் கழித்து அனுப்புவார்கள்; விடை குறை எண் என்றால் a சிறியது, மிகை எண் என்றால் பெரியது என்று கணக்கு. நானும் அனுப்பினேன், பட்டேன். மிகச்சிறிய முழு எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் சுற்றிக்கொண்டு மிகப்பெரிய எண் வரும். அப்புறம் சார்ட் ஒரு பிழையும் சொல்லாமல் தப்பான வரிசையைக் கையில் கொடுக்கும்.

கணக்குப்புலி:
நேரம் ஃபங்க்ஷனுக்குள், அது ஓடும்போதெல்லாம் ஒரு வரி அச்சிடும் ட்ரேஸ் போட்டு மூன்றே உறுப்புகளைக் கொடுத்தேன்: 3, 1, 2. எட்டு வரி அச்சானது! 3-1, 1-2, மறுபடி 1-2, கடைசியாக 3-2. ஒரே ஜோடியை ஏன் இரண்டு முறை ஒப்பிடுகிறது?

சோம்பேறி:
சார்ட்பை முதலில் ஏற்கெனவே ஏறியோ இறங்கியோ இருக்கும் ஓட்டங்களாக லிஸ்ட்டை வெட்டும். 3, 1 இறங்குகிறது. அடுத்து 2 வருகிறது, 1க்குப் பின் இறங்கவில்லை, எனவே அங்கே வெட்டு. இது முதல் 1-2. பிறகு, இறங்கியதைத் திருப்பிப் போட்ட [1,3], அப்புறம் [2], இரண்டையும் மெர்ஜ் செய்யும்போது (வரிசை கெடாமல் ஒன்றாக்கும்போது) இரண்டாவது 1-2. வெட்டும்போது கண்டதை மெர்ஜுக்கு யாரும் சொல்வதில்லை.

அது போகட்டும், உங்கள் வரிகள் உண்மையிலேயே தாறுமாறாகக் கிடக்கின்றனவா?

கணக்குப்புலி:
இல்லை. ஆறு சர்வர்களின் ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் தனக்குள் நேரவரிசைதான்.

சோம்பேறி:
பார்த்தீர்களா வால்சுழல், உங்கள் 3.7 கோடி இங்கே செல்லாது. ஆறு ஓட்டங்கள்தான். வெட்டுவதற்கு ஒரு நடை, இரண்டிரண்டாகச் சேர்த்தால் மெர்ஜுக்கு மூன்று நடை. ஆக நாற்பது லட்சம் ஒப்பீட்டுக்குள், எண்பது லட்சம் பார்ஸுக்குள் முடிந்துவிடும்.

வால்சுழல்:
எண்பது லட்சமும் பத்து லட்சமும் ஒன்றா? எண்ணைத் திருத்தினீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பார்ஸர் விலையுள்ள கீ, அங்கே சார்ட்ஆன்தான். முதல் உறுப்பு கீயாக இருக்கும் இடத்தில் மட்டும் உங்கள் ட்யூப்பிள் கணக்கை ஏற்கிறேன்.

ஒட்டகக்காரன்:
ஆறு ஃபைலும் தனித்தனியே ஒழுங்காக இருக்கும்போது எதற்காக ஒட்டிவிட்டு சார்ட் செய்கிறீர்கள்? வாசிக்கும்போதே வரிக்கு ஒருமுறை பார்ஸ் செய்து, நேரத்தைப் பக்கத்தில் வைத்து, ஆறையும் மெர்ஜ் செய்துவிடலாமே.

கணக்குப்புலி:
சார்ட்ஆனுக்கு மாற்றிவிட்டேன். ப்ரொஃபைலரின் உச்சியிலிருந்து பார்ஸர் இறங்கிவிட்டது. இப்போது அங்கே ஃபைல் வாசிப்பு நிற்கிறது, அதற்கு இங்கே தனி உரையாடல் இழை போடுகிறேன்.