குரூப் 4 தேர்வில் மூன்றாம் முறையும் தவறிவிட்டேன்: மீண்டும் எழுதலாமா?

கேள்வி:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் மூன்றாம் முறையாகவும் தரவரிசையில் பின்தங்கிவிட்டேன். மொத்தமுள்ள 200 வினாக்களில் தமிழ்ப் பகுதியின் 100 எனக்குச் சிக்கலாக இருந்ததில்லை; திறனறி கணக்குகள் 25-ஐத் தொட்டதும்தான் கை நடுங்குகிறது. "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்பார்களே என அஞ்சி, உறவினர் திருமணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். எனக்குத் தகுதியே இல்லையோ என்ற ஐயத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?

பதில் 1:
நான் ஐந்தாம் முறையில் தேர்வானவன். நான்காம் முறை தவறியபோது பழைய வினாத்தாளை எடுத்து, தவறவிட்ட ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் அதற்கான காரணத்தைச் சிவப்பு மையால் எழுதினேன்: தெரியாதது, அவசரம், வினாவை முழுதாகப் படிக்காதது. பாதிக்கு மேல் அவசரமே. மண்டையில் ஒன்றுமில்லை என்று ஆண்டுக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டிருந்த எனக்கு, பதற்றம்தான் காலை வாரியது என்பது அப்போதுதான் விளங்கியது.

பதில் 2:
விடைத்தாளில் "விடை தெரியவில்லை" என்பதற்கென்றே ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? அதை நிரப்பினால் மதிப்பெண் குறையாது. எதையும் நிரப்பாமல் விட்டால்தான் குறையும். சென்ற மாதம் ஒரு திருமணப் பந்தியில் என் அத்தையிடம் அதையே சொன்னேன்: "இன்னும் தெரியவில்லை, அத்தை." அவர் தலையசைத்துவிட்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று பேசத் தொடங்கிவிட்டார்.

பதில் 3:
எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. இரண்டு முறை தவறிய பின் நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். மாலையில் மட்டும் படிக்கிறேன். முதல் மாதச் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்த நாளிலிருந்து, வினாத்தாளைப் பிரிக்கும்போது அந்தப் பழைய படபடப்பு இல்லை.