அரைமணி நேரமே கிடைக்கும்போது சதுரங்கத் திறனைக் காப்பது எப்படி?

கேள்வி:
வேலைப் பொறுப்புகள் கூடியபின் சதுரங்கத்துக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம்தான் ஒதுக்க முடிகிறது. சில மாத இடைவெளிக்குப் பிறகு இணையத்தில் மீண்டும் ஆடத் தொடங்கியதிலிருந்து என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) இறங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தைத் திறப்பு ஆட்டங்களை (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை) படிப்பதற்குச் செலவிடுவதா, புதிர்களுக்கா, பிளிட்ஸ் எனும் சில நிமிட அதிவேக ஆட்டங்களுக்கா, அல்லது சிறிது காலம் ஆட்டத்தையே நிறுத்திவைப்பதா?

பதில் 1:
சரிவு எவ்வளவு உண்மையானது என்பதை முதலில் பாருங்கள். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் ரேட்டிங் கணக்கிடப் பயன்படுத்தும் கிளிக்கோ-2 முறை, நெடுநாள் ஆடாதவரின் ரேட்டிங்கை உறுதி குறைந்ததாகக் கருதுவதால், திரும்பி வந்தவுடன் ஆடும் ஆட்டங்களில் புள்ளிகள் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கிலும், கே மதிப்பு (ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 உள்ள ஒருவர் தமக்கு நிகரானவரிடம் தோற்றால் 10 புள்ளிகளை இழக்கிறார். தொடர்ந்து ஐந்து தோல்விகள் வந்தால் ஏறத்தாழ 50 புள்ளிகள் போய்விடும். ஐந்தே ஆட்டங்களில் எவருடைய திறமையும் அந்த அளவுக்குத் தேய்ந்துவிடுவதில்லை.

பதில் 2:
மேலே உள்ள கணக்கு சரிதான்; ஆனாலும் தோற்ற ஆட்டங்களைத் திறந்து பார்க்காமல் அதில் ஆறுதல் தேட வேண்டாம். இடைவெளியில் முதலில் மழுங்குவது கணிக்கும் கூர்மை. யானையும் சிப்பாயும் வைத்திருப்பவரை ஒற்றை யானையால் தடுக்கும் ஃபிலிடோர் நிலையை ஒருமுறை புரிந்துகொண்டவர், தம் யானையைத் தம் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நிறுத்தி, எதிரியின் சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தபின் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும் என்பதை எளிதில் மறப்பதில்லை. ஆனால் நான்கு நகர்வுகள் கொண்ட ஒரு தொடரில், எதிரியின் மிகச் சிறந்த பதிலைத் தவறாமல் காண்பது பழக்கத்தால் மட்டுமே நிலைக்கிறது.

ஆகவே அன்றாடம் பத்து நிமிடம் புதிர்களுக்குக் கொடுங்கள். கடிகாரம் வேண்டாம், முழுத் தொடரையும் மனத்தில் கண்ட பிறகே காயைத் தொடுங்கள். எஞ்சிய நேரத்தில் ஒருநாள் 10 நிமிட ரேபிட் ஆட்டம் ஒன்றை ஆடி, மறுநாள் அதையே எஞ்சின் (ஆட்டத்தை அலசும் சதுரங்க மென்பொருள்) உதவியின்றி அலசி, எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதை எழுதிவைத்து, அதன் பிறகே எஞ்சினிடம் காட்டுங்கள். பிளிட்ஸை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், ஏனெனில் மூன்று நிமிட ஆட்டத்தில் நாம் திருத்த விரும்பும் பழக்கமே நம் கையை நகர்த்துகிறது. திறப்பு ஆட்டங்களில், ஏற்கெனவே அறிந்தவை போதும்.

பதில் 3:
ஆட்டத்தை நிறுத்திவைப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். மிகயீல் போட்வின்னிக் 1948இல் உலகச் சாம்பியனான பின், மின்பொறியியல் ஆய்வில் மூழ்கி, 1951 வரை எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. அதன்பின் நடந்த பட்டப் போட்டியில் இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில் எதிராளி பிரான்ஸ்டைனிடம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அவர், 12–12 என்ற சமநிலையால்தான் பட்டத்தைத் தக்கவைத்தார். அத்தகையவரையே நீண்ட இடைவெளி தோல்வியின் விளிம்புவரை கொண்டுபோனது என்றே நான் இதைப் படிக்கிறேன். எனவே முழுமையாக நிறுத்த வேண்டாம். ஒரே நாளில் இரண்டு தோல்விகள் வந்தால் அன்றைக்கு ரேட்டிங் ஆட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள், புதிர்களைத் தொடருங்கள்.