மளிகைச் செலவு: எங்கள் வீட்டில் எது குறைந்தது, எதைக் குறைக்கவில்லை

மாத மளிகைக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரு தொகையைச் சொல்வோம். அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். பில்களை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, சமையலுக்குப் போவதை ஒரு நிறத்திலும், நொறுக்குத்தீனி, குளிர்பானத்தை வேறொரு நிறத்திலும், சோப்பு, ஷாம்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாவற்றையும் இன்னொரு நிறத்திலும் கோடிட்டேன். சமையல் சாமான் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நின்றது. ஏறி இறங்கியது மற்ற இரண்டும். அதனால் அடுப்பங்கரையில் கை வைக்காமலேயே கணிசமாகக் குறைக்க முடிந்தது.

வருமானத்தில் எத்தனை சதவீதம் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று பலரும் கேட்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வருமானம் குறைவான குடும்பத்தில் உணவுக்குப் போகும் பங்கு அதிகமாக இருக்கும், வருமானம் ஏற ஏறத் தொகை கூடினாலும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே எழுதிவிட்டார். தவிர, கைக்குழந்தை இருக்கிற வீடும், இருவரும் மதியம் வெளியில் சாப்பிடுகிற வீடும் ஒன்றாகுமா? பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்த்து மனம் நோக வேண்டாம். உங்கள் வீட்டின் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

அதிகம் மிச்சமானது குப்பைத் தொட்டியிலிருந்துதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் கடைகளிலோ உணவகங்களிலோ இல்லை, வீடுகளில் வீணானது. ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ. தோல், எலும்பு, கொட்டை எல்லாம் இதில் சேர்த்தி என்றாலும், நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 26 கிலோ! இதைப் படித்த பிறகு, தூக்கி எறிகிற ஒவ்வொன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுத ஆரம்பித்தோம். வாடிய கீரை, பாதி தீர்ந்த சாஸ் பாட்டில், மூன்றாம் நாள் குழம்பு. திரும்பத் திரும்ப வந்த பெயர்களின் அளவைப் பாதியாக்கினோம். கடைக்குக் கிளம்பும்முன் அலமாரியையும் ஃபிரிட்ஜையும் ஃபோனில் படமெடுத்துக்கொள்கிறேன். 'வீட்டில் இருக்கோ இல்லையோ' என்ற சந்தேகத்தில் வாங்குவது அதோடு நின்றது.

அப்புறம், பாக்கெட்டின் விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று சொல்லிவிட முடியாது. 200 கிராம் பாக்கெட் சத்தமில்லாமல் 180 கிராமாகி விலை அப்படியே நின்றால், உண்மையில் விலை 11 சதவீதம் ஏறியிருக்கிறது. பிரான்ஸில் 2024 ஜூலை முதல் இப்படி அளவு குறைந்த பொருள்களுக்குப் பெரிய கடைகள் அறிவிப்பு வைத்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அப்படி அறிவிப்பு இல்லாத இடங்களில் நாம்தான் எடையைப் படிக்க வேண்டும்.

———

அக்கா, நீங்கள் சொன்ன தாள் யோசனை அருமை. என் பங்குக்குப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதி பற்றிச் சொல்கிறேன். 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தரத்தைப் பற்றியது. அது தாண்டியதும் பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஒழுங்காக வைத்திருந்த உலர்ந்த சாமான்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 'யூஸ் பை' என்றிருந்தால் மட்டும் விளையாடாதீர்கள், அது உடல்நலம் சம்பந்தப்பட்டது. இன்னொன்று, பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் இவற்றோடு கீரையைச் சேர்த்து வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவில் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பிரித்து வைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் கீரை கூடுதலாகத் தாங்குகிறது.

———

நல்ல விஷயங்கள். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சிக்கனம் என்றதும் பல வீடுகளில் முதலில் குறைவது பழமும் பாலும் பருப்பும்தான். அதிலும் அம்மாவின் தட்டில்தான் முதலில் குறையும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் மாத ஆரம்பத்திலேயே பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிடுகிறோம். மிச்சம் பிடிப்பது மீதித் தொகையில்தான்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்று வரும்போது, சேர்க்கப்போகிற பொருளின் விலையையும் டெலிவரிக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சமயம் கட்டணத்தைக் கட்டுவதே குறைவாக இருக்கும். நான் பொருள்களைக் கூடையில் போட்டு இரவு அப்படியே விட்டுவிடுவேன். காலையில் வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்து, வேண்டாததை எடுத்த பிறகுதான் ஆர்டர் போகும். என் பையனே இப்போது அவன் கேட்ட பிஸ்கட்டில் ஒன்றை நீக்கிவிட்டுத்தான் ஃபோனைத் திருப்பித் தருகிறான்.