ஸ்டெயின்லெஸ் ரிவால்வரில் கீறல்: பாலிஷா, நாரா?

ஹூஸ்டன்_செழியன்:
ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, நாலு அங்குலக் குழல். கம்பெனியில் வந்த மங்கலான மினுக்குதான். உறையில் போட்டு எடுத்ததில் குழலின் ரெண்டு பக்கமும் மயிரிழைக் கீறல்கள். ஃப்ரேமின் வலது பக்கம் ஒரு கீறல் மட்டும் ஆழம், நகத்தால் தடவினால் மாட்டுது. சிலிண்டரைச் சுற்றியும் ஒரு கோடு விழுந்திருக்கு. மதர்ஸ் உலோகப் பாலிஷும், டிரெமலும் (கையில் பிடிக்கும் சின்னச் சுழல் மெஷின்) கைவசம் இருக்கு. எதில் தொடங்கலாம்?

பட்டறைமணி:
டிரெமலை முதல்ல உள்ளே வைங்க. அந்தச் சின்னச் சக்கரம் தட்டையான இடத்தில் குழி பறிக்கும், விளிம்பை மழுக்கிடும். வெளிச்சத்தில் சாய்ச்சுப் பார்த்தா அலை அலையாத் தெரியும்; அதைச் சரிபண்ண முழுப் பக்கத்தையும் தேய்க்கணும். மதர்ஸும் இப்போ வேண்டாம், தேய்ச்ச இடம் மட்டும் கண்ணாடி போல ஆயிடும். 686-இன் மங்கல் என்பது ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள். அதே திசையில் புதுக் கோடு போட்டா மயிரிழைக் கீறல் அதுக்குள்ள கலந்து மறைஞ்சிடும்.

சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியான்னு கண்ணாலும் விரலாலும் பாருங்க. தோட்டாக்கள் வேற ரூமில் இருக்கட்டும். பிடிக்கட்டையைக் கழற்றுங்க. பக்கத் தகட்டைக் கழற்றாதீங்க: அது இடத்தில் இருந்தாத்தான் தகடும் ஃப்ரேமும் ஒரே மட்டத்தில் தேயும். கரி, ஈயக் கறையை நைட்ரைல் கையுறை போட்டு சால்வென்ட்டால் துடைங்க. குழல் வாய், சுத்தியல், விசை, குறி பார்க்கும் சைட் எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்க. சுத்தியலும் விசையும் வேற பூச்சு, அதில் நார் படக் கூடாது.

இப்போ நார்: 3எம் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நார், சாம்பல் நிறம், எண் 7448. ரெண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் வெட்டி, ரெண்டு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விடுங்க. பூதக்கண்ணாடியால் கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து, அதே திசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பா இழுங்க. நடுவில் நிறுத்தினா நின்ற இடம் தெரியும். வட்டமாத் தேய்க்கவே கூடாது. பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைச்சுப் பாருங்க. போகலைன்னா மரூன் நிறம், எண் 7447. அது கொஞ்சம் முரடு. பிறகு சாம்பலுக்குத் திரும்பலாம். சில துப்பாக்கியில் மரூன் போட்ட கோடே கம்பெனிக் கோட்டோட ஒத்துப்போகும், அப்படின்னா அதோட நிறுத்திடுங்க.

நகத்தில் மாட்டும் கீறல் வேற கதை. அதை எடுக்கணும்னா சுற்றியுள்ள இரும்பை அதன் அடிமட்டத்துக்கு இறக்கணும். 400 வாட்டர் பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றி, கீறலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் தள்ளியே தேய்க்கத் தொடங்குங்க. விரலால் அழுத்தினா பள்ளம் விழும். பிறகு 600, அப்புறம் நார். முக்கால்வாசி மறைஞ்சதும் விட்டுடுறதுதான் என் யோசனை. மிச்சம் தெரியும் கோட்டை விட, தகட்டின் விளிம்பு மழுங்கினது அசிங்கமாத் தெரியும்.

சிலிண்டர் கோட்டைத் தொடாதீங்க. சிலிண்டர் சுழலும்போது அடியில் உள்ள பூட்டு முனை உரசி வரும் தடம் அது. இன்னிக்கு அழிச்சா நாளைக்கே வந்திடும்.

வடக்குவாசல்:
மேலே சொன்னது சரி. மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

சாதாரண இரும்பு நாரை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம். அதன் துகள்கள் ஸ்டெயின்லெஸ் பரப்பில் பதிந்து தங்கிவிடும். ஈரம் பட்டதும் அவை துருப்பிடித்து, துப்பாக்கியே துருப்பிடித்தது போல் புள்ளி புள்ளியாகக் காட்டும். சமையலறையில் பாத்திரம் தேய்த்த நாரும் கூடாது, அதில் உப்பு இருக்கும். சமையல் பாத்திரம் பெரும்பாலும் 304 ரகம், குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம். துப்பாக்கிகளில் வருவது பெரும்பாலும் 410, 416 போன்ற கடினப்படுத்தக்கூடிய ரகங்கள்; குரோமியம் 11.5 முதல் 14 சதவீதத்துக்குள். காந்தம் ஒட்டும், வியர்வையில் துருவும் பிடிக்கும். தேய்த்து முடித்த பரப்பைச் சோப்பு நீரில் கழுவி, உடனே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். காற்றுப் பட்டாலே குரோமிய ஆக்சைடு படலம் தானாக உருவாகிவிடும். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. 416-இல் கந்தகம் கலந்திருப்பதால் அமிலம் பரப்பையே கருக்கிவிடக்கூடும். வீட்டில் அந்த வேலை தேவையில்லை.

அடுத்து எழுத்துகள். குழலில் பொறித்திருப்பதன் மேல் வாட்டர் பேப்பர் போனால் எழுத்தின் ஓரம் கரைந்துவிடும். அங்கே நார் மட்டும், அதுவும் லேசாக. வரிசை எண் பக்கமே போகாதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அதை அழிப்பது மட்டுமல்ல, அழிந்த எண்ணோடு துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம்.

இந்த இழையைப் படித்துவிட்டு வேறு மாடலில் இறங்குபவர்களுக்கு: வெள்ளியாக இருப்பதெல்லாம் ஸ்டெயின்லெஸ் அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642-இன் ஃப்ரேம் அலுமினியம், மேலே பூச்சு இருக்கிறது. நார் பட்டால் பூச்சு உரியும். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். நிக்கல் முலாம் போட்ட இரும்பைக் காந்தம் காட்டிக் கொடுக்காது, அதற்கு மாடல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கோவைக்குசும்பன்:
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். என்னோடது ரூகர் எஸ்ஆர்1911 பிஸ்டல். ஸ்லைடு ஸ்டாப்பை (மேலே முன்பின் ஓடும் ஸ்லைடை நிறுத்தும் லீவர்) மாட்டும்போது அதுக்குக் கீழே ஃப்ரேமில் வில் மாதிரி ஒரு கீறல். இதுக்கும் சாம்பல் நார் ஓகேவா?

பட்டறைமணி:
ஓகே இல்ல தம்பி. அது கண்ணாடி மணி அடிச்ச மங்கல், அதாவது பொடிக் கண்ணாடி உருண்டைகளைக் காற்றழுத்தத்தில் வீசி அடிச்சது, அதில் கோடே கிடையாது. நார் போட்டா பளபளன்னு ஒரு பட்டை விழும். முதல்ல பென்சில் ரப்பரால் தேய்ச்சுப் பாருங்க; லீவரின் உலோகம் ஒட்டின கறையா இருந்தா அதிலேயே போயிடும். உண்மையான கீறல்னா மறுபடி மணி அடிக்கணும். கண்ணாடி மணிதான், மணலோ அலுமினியம் ஆக்சைடோ வேண்டாம், நிறம் கறுத்து முரடாயிடும். காற்றழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ போதும். சாதாரண இரும்புக்குப் பயன்படுத்தின மணியா இல்லாம புதுசாப் போடச் சொல்லுங்க. முழுசாக் கழற்றி, ஸ்லைடு ஓடும் தடம், ஊசித் துளைகள் எல்லாத்தையும் அடைச்சுத்தான் அடிக்கணும். மணி அடிக்கும் கேபினெட் இல்லேன்னா துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்திடுங்க.

இனிமே மாட்டும்போது லீவரை கீழிருந்து வளைச்சுத் தள்ளாதீங்க. நேரா உள்ளே விட்டு, கடைசியில் மேலே தூக்கி அழுத்துங்க. ஃப்ரேமில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கிட்டா இன்னும் நல்லது.

ஹூஸ்டன்_செழியன்:
சாம்பலும் மரூனும் ஆர்டர் பண்ணிட்டேன். குழலின் மேல் விலா மணி அடிச்ச மாதிரி மங்கலா இருக்கு, அங்கே என்ன செய்ய?

வடக்குவாசல்:
டேப் ஒட்டி மூடிவிடுங்கள். குறி பார்க்கும்போது கண் கூசாமல் இருக்கத்தான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள்.