உள்ளங்காலில் மாறிவரும் மச்சம்: ஊரடங்கு முடியும்வரை காத்திருக்கலாமா?

கொருக்குப்பேட்டை வாசி (ஜூன் 2020):
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 61 வயது. சர்க்கரை நோய் உண்டு. அவருடைய இடது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, நெடுங்காலமாக ஒரு சிறு மச்சம் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அது ஒரு பக்கமாக மட்டும் மை ஊறியது போலப் பரவி, ஓரம் ஒழுங்கின்றி, ஓரிடத்தில் கறுப்பும் இன்னோரிடத்தில் பழுப்புமாகத் தெரிகிறது. வலியோ அரிப்போ இல்லாததால், "இது கால் ஆணிதான், விடு" என்கிறார் அம்மா. 19ஆம் தேதி முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு. எங்கள் பகுதியில் தொற்றும் மிகுதி. சர்க்கரை நோயுள்ளவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கொரோனாவை வாங்கி வருவதைவிட, எல்லாம் ஓய்ந்த பின் காட்டலாமா?

காசிமேட்டு நண்பன்:
மச்சத்துக்கெல்லாம் இப்போது யார் மருத்துவமனைக்குப் போவார்கள்? சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும். எங்கள் தெருவில் பலர் செய்திருக்கிறார்கள்.

தோல் மருத்துவம் (பெரம்பூர்):
மேலே சொன்ன வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். சர்க்கரை நோயாளியின் காலில் அந்தப் புண் எளிதில் ஆறாது. அதைவிட முக்கியமாக, மேலே உள்ள கறுப்பு உதிர்ந்தாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பின்னர் பரிசோதிக்க வேண்டிய அடையாளமும் அழிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும், கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையான கார்ன் கேப்பையும் ஒட்ட வேண்டாம்.

நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையோருக்கு மெலனோமா என்னும் தோல் புற்று அரிதுதான். ஆனால் வரும்போது, வெயில் படும் முகத்தையோ முதுகையோ விட, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. ஆணி என்றோ பழைய காயம் என்றோ எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் அங்கேதான். இரு பாதியும் ஒத்திராமை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், பென்சிலின் அடிப்பாகத்தை ஒத்த 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், காலப்போக்கில் மாற்றம் ஆகியவற்றை நாங்கள் பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே இவற்றுள் பல இருக்கின்றன. வலி இல்லாதது ஆறுதலுக்குரிய செய்தியன்று, தொடக்கத்தில் இது வலிப்பதில்லை.

இது புற்றுதான் என்று நான் சொல்லவில்லை. முள் குத்தியோ செருப்பு அழுத்தியோ உண்டாகும் இரத்தக்கட்டும் இப்படித் தோன்றலாம், ஆனால் அது சில வாரங்களில் தோலோடு மேலெழுந்து மறைந்துவிடும். ஐந்து மாதமாகப் பரவுவது அந்த வகையில் சேராது. மெலனோமாவில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே. ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டியெடுத்தாலே பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஊரடங்கு எப்போது முடியும் என்று தெரியாத நிலையில், அதுவரை காத்திருக்கலாம் என்று என்னால் சொல்ல இயலாது.

முதலில் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஒரு படம் கிட்டத்திலும் ஒன்று முழுப் பாதமும் தெரியும்படியும் எடுங்கள். கடந்த மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, பதிவுபெற்ற மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் ஆலோசனை வழங்கலாம். அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனையான இ-சஞ்சீவனி சேவையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் படம், நேரில் எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் பயன்படும். உள்ளங்கால் வரிகளின் பள்ளத்தில் நிறம் படிந்திருக்கிறதா, மேட்டில் படிந்திருக்கிறதா என்பதை டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால்தான் பார்க்க முடியும். மேட்டில் படிந்திருந்தால் பயாப்சி, அதாவது அந்த இடத்துத் தோலை எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது, தவிர்க்க முடியாதது.

பழைய வண்ணாரப்பேட்டை:
என் மாமாவுக்கு ஏப்ரலில் இதே போல வந்தது. மருத்துவ அவசரத்துக்கு ஆட்டோவில் செல்லத் தடையில்லை. காணொளியில் பார்த்த மருத்துவர் அனுப்பிய சீட்டைக் கைப்பேசியில் காட்டினோம், காவலர்கள் விட்டுவிட்டார்கள். உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே கொரோனா சிகிச்சையும் நடப்பதால், தோல் நோய்ப் பிரிவு எந்த நாள், எந்தக் கட்டடத்தில் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, உடன் ஒருவர் மட்டும் செல்லுங்கள். கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. பயாப்சி செய்வதால் புற்று பரவாது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் மாமா சம்மதித்தார். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொருக்குப்பேட்டை வாசி:
மிக்க நன்றி. காணொளியில் காட்டினோம், இந்த வாரமே நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா தினமும் ஆஸ்பிரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். அதை நிறுத்த வேண்டுமா?

தோல் மருத்துவம் (பெரம்பூர்):
நீங்களாக நிறுத்த வேண்டாம். இத்தகைய சிறு அறுவைக்குப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். உள்ளங்காலில் தையல் போட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் அந்தக் காலை ஊன்றாமல் இருக்க வேண்டியிருக்கும். ஆகவே, மாடி வீடு என்றால் கீழே படுக்க இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.