தொடர்மாடி நெட்வேர்க் குழு, வெள்ளவத்தை: டிஎன்எஸ்மாஸ்க் ஏன் விழுகுது?

இரவு 8.04
கஜன் 4ஏ: கீழ்த்தள பொக்ஸில ஓடுற டிஎன்எஸ்மாஸ்க், அதான் இணையப் பெயரை முகவரியாக்கிறதும் கருவிகளுக்கு ஐபி குடுக்கிறதுமான புரோகிராம், திரும்ப நிண்டுட்டுது. அதான் எல்லா வீட்டிலயும் வைஃபை இருக்கு, இன்டர்நெட் இல்லை எண்டு காட்டுது. பொக்ஸை ஓஃப் பண்ணி ஓன் பண்ணட்டோ?

8.05
தர்ஷினி 6சி: வேண்டாம் தம்பி, கையை வைக்காதேங்கோ. முதல் ஜேர்னலில, அதாவது சிஸ்டத்தின்ர பதிவில, கடைசி 50 வரியைப் பாருங்கோ. மெயின் ப்ராசஸ் நிண்டது எண்ட வரியில ஸ்டேட்டஸ் 6ஓ 11ஓ?

8.09
கஜன் 4ஏ: 11, செக்ஃபோல்ட். அதுக்குக் கீழ ஸ்டார்ட் லிமிட் ஹிட் எண்டும் கிடக்கு.

8.12
தர்ஷினி 6சி: 6 எண்டால் புரோகிராம் தானே தன்னை நிறுத்தினது. ஸ்டாக் எண்ட மெமரிப் பகுதியில கம்பைலர் வைச்ச கானரி (காவல் எண்) மாறிப்போனதைக் கண்டிருக்கும், இல்லாட்டி ஹீப் எண்ட மற்றப் பகுதியின்ர கணக்கு குழம்பினதை, அதில மெமரி எடுத்துக்குடுக்கிற மலொக் கண்டிருக்கும். 11 எண்டால் தனக்குச் சொந்தமில்லாத மெமரிப் பக்கத்தைத் தொட்டிட்டுது, கேர்னல் கொன்றுபோட்டுது. பஃபர் ஓவர்ஃபுளோவில, அதாவது ஒதுக்கின இடத்தைத் தாண்டி எழுதினால், ரெண்டும் வரும். ஆனா ஒரு இடத்தையும் காட்டாத வெறும் நல் பொயின்டராலயும் 11 வரும். அதனால இப்பவே முடிவு கட்டக் கூடாது.

8.13
சிவா 2பி: தம்பி, வேர்ஷன் என்ன? கொன்ஃபிக் ஃபைலில டிஎன்எஸ்செக் எண்டு தனிய ஒரு வரி இருக்கோ? டிஎன்எஸ் பதிலின்ர கையொப்பத்தைச் சோதிக்கச் சொல்லுற வரி.

8.16
கஜன் 4ஏ: 2.80 அண்ணா. அந்த வரி இருக்கு, முன்னால ஹாஷ் (#) போட்டு கொமென்ட் பண்ணேல்ல.

8.21
சிவா 2பி: அப்ப முதல்ல சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ்பூக், டிஎன்எஸ்மாஸ்கில கண்டுபிடிச்ச ஓட்டைகளின்ர கூட்டுப் பெயர். ஜேஎஸ்ஓஎஃப் எண்ட ஆய்வுக் குழு 2021 ஜனவரி 19 வெளியிட்டது. மொத்தம் 7 ஓட்டை. அதில 4 ஹீப் ஓவர்ஃபுளோ, அந்த நாலும் டிஎன்எஸ்செக் ஓனில இருந்தால்தான் வேலை செய்யும். மற்ற 3 கேஷில, அதாவது சேமிச்சு வைச்ச பதில்களுக்குள்ள, பொய்ப் பதிலைத் திணிக்கிறது. திருத்தினது 2.83இல.
ஆனா நம்பரை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். உபுண்டுவும் டெபியனும் பழைய நம்பரை வைச்சுக்கொண்டே திருத்தத்தை உள்ளுக்குப் போடுவினம். பக்கேஜின்ர சேஞ்ச்லொக்கில (மாற்றப் பட்டியல்) சிவிஇ-2020-25681 எண்டு தேடுங்கோ, சிவிஇ எண்டது ஒவ்வொரு ஓட்டைக்கும் குடுக்கிற பொது நம்பர். இருந்தால் திருத்தம் வந்திட்டுது.

8.27
கஜன் 4ஏ: தேடினேன், இல்லை. இந்த பொக்ஸ் பழைய இமேஜ், அப்டேட்டே ஓடேல்லப் போல.

8.29
நிரோஷன் 5டி: ஓவர்ஃபுளோ எண்டால் ஹக்கர் உள்ளுக்கு வருவான் எண்டுதானே சொல்லுறவை. இதில ஏன் சேர்விஸ் சும்மா விழுது?

8.38
தர்ஷினி 6சி: நல்ல கேள்வி. அந்த நாலில சிவிஇ நம்பர் 25683, 25687 எண்டு முடியிற ரெண்டையும் பாருங்கோ. டிஎன்எஸ் பதிலில ஒவ்வொரு பகுதிக்கும் இவ்வளவு பைட் எண்டு ஒரு நீளம் எழுதியிருக்கும். அந்த நீளத்தை எழுதினது பதில் அனுப்பின ஆள், அதாவது எங்களுக்குத் தெரியாத ஆள். பெயரைப் பிரிச்செடுக்கிற ஃபங்ஷன் அந்த எல்லையைச் சரியாப் பார்க்கேல்ல. எல்லையைத் தாண்டி வாசிச்சுப்போட்டு, பிறகு "மிச்சம் எவ்வளவு" எண்டு கழிக்கேக்க கணக்கு மைனஸில போகுது.
அந்த மைனஸ் அப்பிடியே, மெமரியைக் கொப்பி பண்ணுற மெம்கொப்பி எண்ட ஃபங்ஷனுக்குப் போகுது. மெம்கொப்பியின்ர அளவுக்கு மைனஸ் எண்டதே கிடையாது. 64 பிட்டில −1 போனால் அது 18446744073709551615 பைட். அவ்வளவையும் கொப்பி பண்ண வெளிக்கிட்டு ஹீப் முடிஞ்சு, வரைபடத்தில இல்லாத பக்கத்தில போய் இடிக்கும். அதுதான் உங்கட 11. கொப்பி முடியவே முடியாது, ஃபங்ஷன் திரும்பி வராது, அதனால தாக்கிறவனுக்கு அதுக்கு மேல போக வழி குறைவு.
மற்ற ரெண்டும் அப்பிடி இல்லை. 25681, 25682இல எழுதுப்படுற அளவை அவன் கட்டுப்படுத்தலாம், கோடே ஓட வைக்க இடமிருக்கு. பொக்ஸ் ஒண்டு, ஓட்டை நாலு. "கிராஷ்தானே, பறவாயில்லை" எண்டு விடேலாது.

8.41
நிரோஷன் 5டி: ரீஸ்டார்ட் எப்பவும் எண்டு போட்டால் தானா எழும்பாதோ அக்கா?

8.47
தர்ஷினி 6சி: ஏற்கனவே ஆரோ போட்டிருக்கினம், அதாலதான் ஸ்டார்ட் லிமிட் ஹிட். சேர்விஸ்களை எழுப்பி நடத்துற சிஸ்டம்டி, சும்மா விட்டால் 100 மில்லிசெக்கனில திருப்பி எழுப்பும். 10 செக்கனுக்குள்ள 5 தரத்துக்கு மேல ஸ்டார்ட் ஆக விடாது. கெட்ட பதில் தொடர்ந்து வந்தால் ஒரு செக்கன் ஆகமுதலே அந்த 5ம் முடிஞ்சிடும். பிறகு ஆக்கள் வந்து கையால ஸ்டார்ட் பண்ணும் வரைக்கும் எழும்பாது; உடன பண்ணுறதெண்டால் முதல் ரீசெட்-ஃபெயில்ட் கட்டளை அடிச்சு அந்தக் கணக்கை அழிக்கவேணும். ஒரு சின்ன கிராஷ் கட்டிடம் முழுக்க இருட்டாக்கினது இப்பிடித்தான்.
ரீஸ்டார்ட் செக் = 5 எண்டு சேர்விஸ் பகுதியில போடுங்கோ, எல்லையில முட்டாது. இது வலி மாத்திரை மட்டும்தான்.

8.50
சிவா 2பி: இன்னொண்டையும் சேர்க்கிறன். ரீஸ்டார்ட் ஆகேக்க கானரியும் மெமரி முகவரிகளும் புதுசா வரும். ஆனா ஃபோர்க் பண்ணின, அதாவது ஓடுற ப்ராசஸ் தன்னைப் போலவே பிறப்பிச்ச, பிள்ளைப் ப்ராசஸுக்கு தாயின்ர அதே கானரிதான். 64 பிட் லினக்ஸில கானரியின்ர ஒரு பைட் எப்பவும் பூச்சியம், மிச்சம் 7. பிள்ளை விழ விழ ஒவ்வொரு பைட்டா ஊகிச்சால் கூடினது 7 × 256 = 1792 முயற்சி. அதனால லொக்கில ஒரே சேர்விஸ் நூற்றுக்கணக்கில விழுந்தெழும்பினால் அதை ஆரோ தட்டிப் பார்க்கிறதா எடுக்கவேணும்.

8.55
கஜன் 4ஏ: இப்ப உடன என்ன செய்யட்டும்?

9.03
தர்ஷினி 6சி: டிஎன்எஸ்செக் வரிக்கு முன்னால ஹாஷ் போடுங்கோ. டிஎன்எஸ்மாஸ்க் டெஸ்ட் ஒப்ஷனோட ஒருக்கா ஓட்டி கொன்ஃபிக் சரியோ எண்டு பார்த்திட்டு, ரீசெட்-ஃபெயில்ட், பிறகு ஸ்டார்ட். கையொப்பச் சோதனை இல்லாமப் போகும், அதனால இது இண்டைக்கு மட்டும்.
பிறகு அப்டேட். கவனம்: ஓடுற ஃபைல் இருக்கிறது டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ் எண்ட பக்கேஜில. அதை விட்டிட்டு மற்றதை மட்டும் ஏத்தினால் பழசுதான் ஓடும். முடிஞ்சாப்பிறகு ப்ரொக் (/proc) ஃபோல்டரில அந்த ப்ராசஸின்ர எக்ஸி (exe) லிங்க்கைப் பாருங்கோ. டெலிட்டட் எண்டு காட்டினால் டிஸ்கில புதுசு, மெமரியில பழசு. ரீஸ்டார்ட் வேணும்.
கமராக்களின்ர ஐபி மாறாது, குடுத்த ஐபிகளை எழுதி வைச்ச லீஸ் ஃபைலில இருந்து திருப்பி வாசிக்கும்.

9.06
சிவா 2பி: டிஎன்எஸ் கேள்வி வாற 53ஆம் போர்ட் வெளிப்பக்கம் திறந்திருக்கோ எண்டும் பாருங்கோ. திறந்திருக்கக் கூடாது. ஆனா ஃபயர்வோல் மூடினதால இந்த ஓட்டை மூடுப்படாது. கெட்ட பதில் எங்கட பொக்ஸ் கேட்ட கேள்விக்குத்தான் வருது. வீட்டில ஒருத்தர் ஒரு லிங்க்கை அமத்தினால் போதும்.
2017 ஒக்டோபரில 2.78இல திருத்தின, ஐபி குடுக்கிற பகுதியான டிஎச்சிபி வி6இன்ர ஸ்டாக் ஓவர்ஃபுளோ வேற மாதிரி, அதுக்கு எங்கட வைஃபைக்குள்ள ஒரு ஆள் இருந்தால் காணும். விருந்தினர் வைஃபையைத் தனி விலானில, அதாவது பிரிச்சு வைச்ச நெட்வேர்க்கில, போடச் சொல்லுறது இதுக்குத்தான்.

9.24
கஜன் 4ஏ: டிஎன்எஸ்செக் நிப்பாட்டினேன், எல்லாருக்கும் நெட் வந்திட்டுது. விழேக்க இருந்த மெமரியின்ர பிரதி, கோர்டம்ப், ஒண்டு கிடக்கு. அதின்ர பாக்ட்ரேஸில, ஒண்டை ஒண்டு கூப்பிட்ட ஃபங்ஷன் பட்டியலில, மெம்கொப்பி இல்லையே?

9.27
தர்ஷினி 6சி: அந்தப் பெயரில வராது. ஜிலிப்சி எண்ட சி லைப்ரரியில மெம்கொப்பியும் மெம்மூவும் ஒரே உடம்பு, ஏவிஎக்ஸ் எண்டு வால் வைச்ச மெம்மூவ் பெயரைத்தான் காட்டும். ஆகமேல இருக்கோ?

9.29
கஜன் 4ஏ: ஓம், ஆகமேல அதுதான். அதுக்குக் கீழ கெட் ஆர்டேட்டா.

9.31
தர்ஷினி 6சி: அப்ப 25683தான், அது கெட் ஆர்டேட்டாவிலதான் விழும். அந்தக் கோர் ஃபைலை குழுவில போடாதேங்கோ, எல்லா வீட்டுக்காரரும் போன டொமெயின்கள் அதுக்குள்ள கிடக்கு.

9.33
நிரோஷன் 5டி: சிஸ்டம்டியே இப்பிடி விழுந்தால்?

9.40
சிவா 2பி: நடந்திருக்கு. சிவிஇ-2021-33910, 2021 ஜூலை. மவுன்ட் பண்ணுற (டிஸ்க்கை ஃபோல்டரில இணைக்கிற) பாதையின்ர பெயரை எல்லை பார்க்காம ஸ்டாக்கில கொப்பி பண்ணினது. ஸ்டாக் வழமையா 8 எம்பி, பாதை அதைவிட நீளம் எண்டால் ப்ராசஸ் 1, அதாவது சிஸ்டம்டியே, சாகும். அது செத்தால் எழுப்ப ஆளில்லை, கேர்னல் பானிக், முழு மெஷினும் போச்சு. சாதாரண யூசர் ஒருத்தரால ஏலுமாயிருந்தது.

9.44
தர்ஷினி 6சி: கஜன், கமரா லொக் எடுக்கிற எங்கட சி புரோகிராமையும் ஒருக்கா மெமரிப் பிழையைப் பிடிக்கிற ஏஎஸ்ஏஎன் போட்டு கம்பைல் பண்ணி ஓட்டுங்கோ, வேகம் பாதியாகும், சோதனைக்கு மட்டும். கொப்பி பண்ணேக்க எல்லை பார்க்கிற ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் 2 போட்டால் கம்பைலரின்ர ஓப்டிமைசேஷனும் ஓனில இருக்கவேணும், அது இல்லாத ஓ0இல ஃபோர்ட்டிஃபை ஒண்டும் செய்யாது. எழுத்து வரியைக் கொப்பி பண்ணுற எஸ்டிஆர்என்சிபிவை (strncpy) இருக்கிற இடமெல்லாம் பாருங்கோ: பஃபர் நிரம்பினால் கடைசிப் பூச்சியத்தை வைக்காது, அடுத்து வாசிக்கிற வரி எல்லை தாண்டும்.

9.52
கஜன் 4ஏ: பேஸ் பக்கேஜும் ஏத்தி ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. சேஞ்ச்லொக்கில 25681 இருக்கு, டெலிட்டட் காட்டேல்ல.

9.54
சிவா 2பி: அப்ப டிஎன்எஸ்செக் வரியில இருந்து ஹாஷை எடுத்துவிடுங்கோ. கேட்ட பெயர்களைப் பதியுற லொக்-குவெரிஸ் நாளைக்குக் காலமை வரைக்கும் ஓனில இருக்கட்டும், எந்த டொமெயின் எண்டு பிடிச்சதும் நிப்பாட்டுங்கோ.